ஓர் ஆளுக்கான போர்வை

என் பெயர் மல்லிகா. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் கேசவன். சித்தூர் மாவட்டம், பாலசமுத்திரம் மண்டலத்தில் ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கிறோம். கொஞ்சம் கரும்பும் வேர்க்கடலையும் பயிர் செய்கிறோம். எனக்குத் தெலுங்கு பேச வரும். எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. ஆகையால் இதைத் தமிழில் சொல்கிறேன். தமிழ் தெரிந்த பெண் தலைமைக் காவலர் சென்னம்மா எழுதிக்கொள்கிறார். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. திருப்பதியில் நடந்த செய்திப் படக் கண்காட்சியில் ஒரு படத்தைச் சேதப்படுத்தியதாகவும் காவலாளிக்குக் காயம் ஏற்படுத்தியதாகவும் சொல்லப்படும் புகாரில் குற்றம் சாட்டப்பட்டவள் நானே.

எனக்குப் பிறந்தது ஒரே மகள். பெயர் சுஷ்மிதா. பட்டப்படிப்பு முடித்து, ஸ்ரீசிட்டியில் செல்போன் உறுப்புகள் செய்யும் கம்பெனி ஒன்றில் இரண்டாவது வருடமாக வேலை செய்துவந்தாள். கம்பெனி பஸ் எங்கள் மெயின் ரோட்டுக்கு வந்து, நகரி, புத்தூர் வழியாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையிலிருந்தே மழை பெய்துகொண்டிருந்தது. சுஷ்மிதா தலை துவட்டிக்கொண்டே கிளம்பினாள். இட்லி எடுத்து வைத்திருந்தேன். "வந்து துன்னுக்கிறேம்மா, அப்டியே மூடி வை" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவைத் தலைமேல் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அதன்பிறகு நான் அவளை உயிரோடு பார்க்கவில்லை.

நாராயணவனத்தைத் தாண்டி ஓர் ஏரி வளைவில் அந்த பஸ் சாலையை விட்டு இறங்கிக் கால்வாயில் கவிழ்ந்தது. எங்களுக்குப் போன் வந்ததும் நானும் என் கணவரும் பக்கத்து வீட்டு ஆட்டோவில் கிளம்பினோம். பாதி வழியிலேயே நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆகையால் விபத்து நடந்த இடத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் மகளை வெள்ளைத் துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள். முகத்தில் சேறு இல்லை. நெற்றியில் விழுந்த முடியை யாரோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு நர்சம்மா செய்தது என்று பிறகு தெரிந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றுவரை வருத்தப்படுகிறேன். அன்று அவளோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் தெலுங்குப் பேப்பரில் பஸ்ஸைக் கிரேன் தூக்கும் படம் வந்திருந்தது. வேறு படம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் கழிந்தது. என் கணவர் முன்பு கழனியில் பாடிக்கொண்டே மடை திருப்புவார், இப்போது பாடுவதில்லை. மற்றபடி வேலைகளைச் செய்துகொண்டிருந்தோம். மகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு, அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடியதுதான் தோன்றும். அழுகை வரும். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தது.

எங்கள் தெருவைச் சேர்ந்த கன்னிகா அதே பஸ்ஸில் போய்ப் பிழைத்த பெண். கை முறிந்து குணமான பின் ஸ்ரீசிட்டி வேலையை விட்டுவிட்டு, திருப்பதியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இந்த மாதம் முதல் வாரத்தில் ஊருக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, கிளம்புவதாகச் சொல்லி எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தாள். அதன்பிறகு, திருப்பதியில் பல நாட்டுச் செய்திப் படங்களைப் பெரிது பண்ணி மாட்டியிருக்கிறார்கள் என்றும், அதில் சுஷ்மிதாவின் படம் ஒன்று இருக்கிறது என்றும், அதற்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்திருக்கிறது என்றும் சொன்னாள். பஸ்ஸுக்குப் போகும் முன் எடுத்த படமா என்று கேட்டேன். "இல்ல பெரிம்மா, அதுக்கப்புறம் எடுத்தது" என்றாள்.

என் கணவர் வாசலிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "போவாத மல்லிகா. பாத்துட்டா அப்புறம் அதான் கண்ணுல நின்னுக்கினு இருக்கும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்காமல் மறுநாள் கன்னிகாவோடு பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்தேன்.

கண்காட்சி நடந்த மண்டபத்தில் ஏசி போட்டிருந்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே நுழைந்து இடது பக்கம் திரும்பியதும் அந்தப் படம் இருந்தது. என் உயரத்துக்கு இருந்தது. கால்வாய்க் கரையில் என் மகள் மல்லாந்து கிடந்தாள். ஒரு கண் திறந்திருந்தது. வாயில் சேறு இருந்தது. மேல்சட்டை ஒரு பக்கம் தோள்வரை கிழிந்து, பெண்பிள்ளைக்கு மூடியிருக்க வேண்டிய இடம் மூடாமல் இருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை, அதில் அவள் சிரித்துக்கொண்டிருக்கும் சின்னப் போட்டோ. இதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கன்னிகா பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே படங்களை விளக்கிச் சொல்வதற்கு நின்றிருந்த ஸ்ரீஜா என்ற கல்லூரி மாணவி ஓடிவந்து, எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவள் வீட்டார் தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்கிறவர்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நான் யார் என்று கன்னிகா சொன்னதும் அந்தப் பெண் என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தபோது எதிர்ச் சுவரில் இருந்த படம் என் கண்ணில் பட்டது. அதில் ஒரு ரயில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்துப் புல்தரையில் வரிசையாகப் பலர் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை போர்வையால் மூடியிருந்தார்கள். ஒரே ஒரு செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. அது என்ன படம் என்று ஸ்ரீஜாவைக் கேட்டேன்.

"அது வெளிதேசத்துல நடந்த ரயில் விபத்தும்மா. அங்கெல்லாம் இறந்தவா முகத்தைக் காட்டறதுன்னா வீட்டுக்காராளைக் கேக்கணும். அவா வேண்டாம்னா போடமாட்டா" என்றாள்.

"அந்தப் படம் போட்டவங்க வேற, இவங்க வேறயா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ரெண்டும் ஒரே வெளிநாட்டு நியூஸ் ஏஜென்சி படம்தான்."

"அப்ப எங்கள ஏம்மா கேக்கல? எங்க வீடு அவ்ளோ தூரமா?"

எனக்கே கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவளும் என் மகள் வயதுப் பெண்தான்.

அதன்பிறகு நான் மண்டப நிர்வாகியிடம் போய் அந்தப் படத்தைக் கழற்றிவிடும்படி கைகூப்பிக் கேட்டேன். அவர் மரியாதையாகவே பேசினார். படங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தம் போட்டு வந்தவை என்றும், ஒன்றைக்கூடக் கழற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும், ஞாயிற்றுக்கிழமையோடு கண்காட்சி முடிந்துவிடும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்தப் படம் எங்கே போகும் என்று கேட்டேன். அடுத்த ஊருக்குப் போகும் என்றார். அதன்பிறகு படம் எடுத்தவருக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

படம் எடுத்தவர் பெயர் சிரஞ்சீவி. திருப்பதிக்காரர். உள்ளூர்ப் பேப்பருக்கும் அந்த வெளிநாட்டு ஏஜென்சிக்கும் படம் எடுத்து அனுப்புகிறவர். அவர் வந்ததும் கன்னிகா எழுந்து நின்று, "பெரிம்மா, இந்த அண்ணன்தான் என்ன ஜன்னல் வழியா இழுத்துப் போட்டாரு" என்று சொன்னாள். இது உண்மை என்பதால் இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் என் காலைத் தொட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

அவர் தெலுங்கும் தமிழுமாகப் பேசினார். "அம்மா, நான் ஃபர்ஸ்ட் ஆளுங்களத்தான் இழுத்தேன். இழுக்க இனி யாரும் இல்லைன்னதும்தான் கேமராவ எடுத்தேன். எங்க பேப்பர் ஆசிரியர் இந்தப் படத்தப் பாத்துட்டு, வத்து, நம்ம பேப்பர்ல வேணாம்னு சொல்லிட்டாரு. வெளிநாட்டுக்காரங்க வேற படம் இருக்கா, இருக்கான்னு கேட்டாங்க. அனுப்பிச்சேன். அந்தப் படம் வந்தப்புறம்தான் கம்பெனி பழைய பஸ் எல்லாத்தையும் நிறுத்திச்சு. டெல்லிலேந்து அதிகாரிங்க வந்தாங்க. உங்க பொண்ணாலதாம்மா அதெல்லாம் நடந்துச்சு."

பழைய பஸ்களை நிறுத்தியது எனக்கும் தெரியும். எங்கள் ஊரிலிருந்து இப்போதும் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், புது பஸ்ஸில் போகிறார்கள். அதனால் அவரிடம் கோபமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"நல்லதுதாம்பா. மத்த புள்ளைங்களாவது பொழைக்கட்டும். அவ மேல ஒரு துணியப் போட்டுட்டுப் படம் எடுத்திருந்தா அந்த பஸ்ஸெல்லாம் நின்னிருக்காதா?" என்று கேட்டேன்.

"மூடிட்டா யாரும் பாக்கமாட்டாங்கம்மா" என்றார்.

நான் எதிர்ச் சுவரைக் காட்டினேன். "அவங்கள மூடித்தான் வெச்சிருக்காங்க. எல்லாரும் நின்னு பாத்துக்கினுதான போறாங்க?"

அவர் திரும்பி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்க பேப்பர்லயும் போடல. அவங்க ஊரு செத்தவங்களயும் அவங்க போடல. நடுவுல எம்பொண்ணுதான் மாட்டிக்கினா" என்று சொன்னேன். அவர் ஏஜென்சிக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். அன்று அதோடு வெளியே வந்துவிட்டோம்.

அன்றிரவு கன்னிகாவின் அறையில் தங்கினேன். என் கணவர் சொன்னதுபோலவே ஆயிற்று. கண்ணை மூடி என் மகள் மழையில் ஓடுவதை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. கால்வாய்க் கரைதான் வந்தது. அது முதல் இன்றுவரை அப்படித்தான் வருகிறது.

மறுநாள் காலை கன்னிகா கடைக்குப் போன பிறகு, நான் தனியாகக் கோவிந்தராஜசுவாமி கோயில் தெருவுக்குப் போய், ஒரு கடையில் போர்வை கேட்டேன். கடைக்காரர் "சிங்கிளா, டபுளாம்மா?" என்று கேட்டார். ஒரு ஆளுக்குத்தான் என்று சொன்னேன். "ஜென்ட்ஸா, லேடீஸா? கலர் எப்டிப் பாக்கட்டும்?" என்றார். பொம்பளப் பிள்ளைக்கு என்று சொன்னேன். அவர் பச்சையில் பூப்போட்ட ஒன்றை எடுத்துப் போட்டு, "துவைச்சாலும் சாயம் போவாது, பாப்பாவுக்குப் பிடிக்கும்" என்றார். அதை வாங்கிக்கொண்டேன். கன்னிகாவுக்கோ வேறு யாருக்குமோ இது தெரியாது. என்னை யாரும் தூண்டிவிடவில்லை.

அதன்பிறகு மண்டபத்துக்குப் போனேன். அப்போதும் படத்தை மூட வேண்டும் என்று உறுதியாக முடிவு செய்திருந்தேன் என்று சொல்ல முடியாது. இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் உள்ளே போனேன். நிர்வாகி இல்லை. என் மகள் படத்தின் முன்னால் இரண்டு வாலிபர்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் செல்போனில் அந்தப் படத்தைப் படமெடுத்து, இரண்டு விரலால் விரித்து, ஓரிடத்தைப் பெரிதாக்கி, மற்றவனுக்குக் காட்டினான். அது எந்த இடம் என்று நான் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, போர்வையைப் பிரித்துச் சட்டத்தின் மேல்விளிம்பில் போட்டுத் தொங்கவிட்டேன். முகமும் உடம்பும் மூடிக்கொண்டன. கால் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. இழுத்துச் சரிசெய்தேன்.

காவலாளி ஓடிவந்தார். பெயர் பாலசுப்பிரமணியன், திருத்தணிப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "எம்மா, எறங்கும்மா. எடுத்துடு. எனக்கு வேல பூடும்" என்றார்.

"செத்த நேரம் இருக்கட்டும்ண்ணா. நானே எடுத்துடறேன்" என்றேன்.

"உள்ளாற கேமரா இருக்கும்மா. பாத்துக்கினு இருப்பாங்க" என்று சொல்லிப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். நான் மறுமுனையை விடவில்லை. அவர் பலமாக இழுத்தார் என்றோ என்னை அடித்தார் என்றோ நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் பிடித்திருந்ததில் ஆணி கழன்று, படம் சட்டத்தோடு கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. அதைத் தாங்கப் போனதில் அவருடைய உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நான் இறங்கி என் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். கட்டும்போது அவர், "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குப் போன் செய்தது அவர் இல்லை, அலுவலகத்திலிருந்து செய்தார்கள்.

காவலர்கள் என்னை இங்கே அழைத்து வந்தபோது நிலையத்தின் வாசலில் டிவிக்காரர்கள் சிலர் இருந்தார்கள். "அம்மா, இட்டு சூடண்டி, இந்தப் பக்கம் பாருங்க" என்று கூப்பிட்டார்கள். நான் கிழிந்த முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அங்கே நின்றிருந்த சிரஞ்சீவி குறுக்கே வந்து, எடுக்காதீர்கள் என்று அவர்களைத் தடுத்தார். அதில் ஒருவர், "நீ எடுத்தப்ப?" என்று அவரைக் கேட்டார். சிரஞ்சீவி கேமராவின் முன்னால் அப்படியே நின்றார். தலைமைக் காவலர் சென்னம்மா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு சிரஞ்சீவி நிலையத்துக்குள் வந்து, ஏஜென்சியிடமிருந்து வந்த பதிலைச் செல்போனில் பார்த்து எனக்குத் தமிழில் சொன்னார். குடும்பத்தாரின் துக்கத்தில் பங்குகொள்கிறார்களாம். இந்தியாவில் இனி அந்தப் படத்தை வைக்கமாட்டார்களாம். மற்ற தேசங்களில் ஏற்கெனவே பேசி முடித்த இடங்களில் அது தொடர்ந்து இருக்குமாம். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்களாம். "மறுபடியும் எழுதறேம்மா. பரிசத் திருப்பிக் குடுக்கறேன்னும் எழுதறேன்" என்றார். எழுதப்பா என்றேன். அவருடைய பரிசு எனக்கு வேண்டாம். தெரிந்தவர்கள் பார்த்தால்தான் அவளுக்கு மானம் போகும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்கள் என்பதை மட்டும் கேட்டு எழுதும்படி சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக நிர்வாகி சொல்லியனுப்பினார். காவலாளி பாலசுப்பிரமணியனின் கையில் காயம் பட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய வேலை போகாமல் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி உடைந்ததற்கும் வருந்துகிறேன். போர்வை போட்டதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு எழுதித் தர எனக்குச் சம்மதமில்லை. அதற்காக வழக்கு நடந்தால் நடக்கட்டும். என் கணவரிடம் இதைப் போனில் சொன்னேன். அவர், "நல்லா மூடுனியா?" என்று கேட்டார். மூடினேன் என்றேன்.

அந்தப் படத்தையும் போர்வையையும் சாட்சிப் பொருளாக இங்கே எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். தனித்தனியாகக் கட்டி அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று ஒரு காவலர் சொன்னார். கோர்ட்டில் கேட்கும்வரை இரண்டையும் ஒன்றாக வைத்தால் உபகாரமாக இருக்கும். அது சட்டப்படி முடியாதென்றால், படத்தைச் சுவர்ப் பக்கமாகவாவது திருப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதையெல்லாம் தலைமைக் காவலர் சென்னம்மா எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை. நடந்தது இதுவே. மூன்று இடங்களில் 'பிரேதம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'என் மகள்' என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார். அடித்த இடங்களிலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கே. மல்லிகா
சுஷ்மிதாவின் தாய்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது. திருத்தங்கள் மூன்று.
சென்னம்மா, தலைமைக் காவலர்